எந்த வழி?

அழிக்கலாமா என்று போன் கேட்டது. அவள் கட்டைவிரல் 'ஆம்' மேல் நின்றபோது, குளியலறைக் கதவைக் கொழுந்தன் தட்டினான்.

"அண்ணி, உள்ள என்ன பண்றீங்க? ஆளுங்க வந்துட்டே இருக்காங்க."

கூடத்தில் அவள் புருஷன் வெள்ளைத் துணிக்குள் கிடந்தான். பதினாறு வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன். நேற்றுப் பாலத்தில் போராட்டக்காரர்கள் மேல் போலீஸ் நடத்திய தடியடியில் செத்துப்போய், சாயங்காலத்துக்குள் இரண்டு ஆளாகிவிட்டான். தொலைக்காட்சியில் அவன் கை ஸ்பேனரைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டி, ஆயுதத்தோடு வந்த கலவரக்காரன் என்றார்கள். போனில் அதே கை, அதே ஸ்பேனர். நெஞ்சு நிமிர்த்திய போராளி என்று லட்சம் பேர் பகிர்ந்திருந்தார்கள். ஓட்டுப் போடப் போவதற்கே சோம்பல்படுகிற மனுஷன். தலையில் அடி விழாமலிருக்கத்தான் கையைத் தூக்கினான் என்று இரண்டு பக்கத்திலும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கதவைத் திறந்தாள்.

"வேலைக்குத்தான் போனாருன்னு ஒரு சின்ன ஆதாரம் இருந்தாப் போதும்னு வக்கீல் சொல்றாரு. இல்லன்னா கலவரக் கேஸ்ல அண்ணன் பேருதான் முதல்ல நிக்கும். கம்பெனிக்காரன், நேத்து லீவு, நாங்க அனுப்பலன்னு கைய விரிச்சுட்டான். அவரு போனும் நொறுங்கிப்போச்சு. உங்களுக்கு ஏதாவது மெசேஜ் போட்டாரா?"

மூன்றாவது தடவையாகக் கேட்கிறான். இரண்டு தடவையும் இல்லையென்று சொல்லியிருந்தாள்.

"யாரோ சொல்லித்தான் பாலத்துப் பக்கம் போயிருப்பாரு. அந்த வழியில போகச் சொன்னவன் மட்டும் கையில கெடைக்கட்டும்" என்றான்.

அவள் போனை நீட்டினாள்.

'லிஃப்ட்ல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்களாம். கெளம்பிட்டேன். மெயின் ரோடு அடைச்சிருக்கு. எந்த வழி?'

அதற்குக் கீழே ஆளில்லாத பாலத்தின் படம். 'பாலத்து வழியா போங்க. காலியா இருக்கு.'

தெருப் பெண்கள் குழுவில் யாரோ போட்ட படம். என்றைக்கு எடுத்தது என்று அவள் பார்க்கவில்லை. அடுப்பில் பால் இருந்தது. ஒரு கையால் அனுப்பிவிட்டு, பொங்குவதற்குள் இறக்கிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தை நினைக்க நினைக்க அந்தக் கையை அடுப்பிலேயே வைத்துவிடலாம் போலிருந்தது.

கொழுந்தன் இரண்டு தடவை படித்தான். முகத்தை நிமிர்த்தவில்லை. "அண்ணன் கேட்டது மட்டும் போதும் அண்ணி. உங்களோடத வெட்டிட்டு வக்கீலுக்கு அனுப்பறேன். கூடத்துல இருக்கற அக்காவுக்குக்கூடத் தெரிய வேணாம்" என்றான்.

வெட்டிக் காட்டினான். 'எந்த வழி?' என்பதோடு நின்றது. கீழே வெறும் வெள்ளை.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவர் கேட்டு நான் பதிலே சொல்லாத மாதிரி இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். முழுசா வெளிய போச்சுன்னா அந்த லட்சம் பேரும் உங்க பக்கம் திரும்பிடுவாங்க. உயிரோட விடமாட்டாங்க."

"இப்ப மட்டும் உயிரோடயா இருக்கேன். முழுசா அனுப்பு. நம்ம வீட்டு குரூப்லயும் போடு."

அவன் அசையவில்லை. அவளே போனை வாங்கி இரண்டு இடத்துக்கும் அனுப்பினாள்.

கூடத்துக்கு வந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நாத்தனார் நகர்ந்து இடம் விட்டாள். அவளை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, "அழுதுடும்மா, அடக்காத" என்று தலையைத் தடவிக்கொடுத்தாள்.

நாத்தனார் மடியில் கிடந்த போன் அதிர்ந்தது. யாராக இருந்தாலும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அதை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி தடவத் தொடங்கினாள்.