ஸ்டாப்பிங் இல்ல

2002ஆம் ஆண்டு கோடையில், பென்னலூரிலிருந்து ஒரகடம் வரை எல்லாருடைய நாடியும் ஒரே வேகத்தில் துடிக்கத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் சுந்தராம்பாள்தான் முதலில் கவனித்தார். காய்ச்சல்காரனுக்கும் கர்ப்பிணிக்கும் அதே துடிப்பு. கைக்கடிகாரத்தைச் சந்தேகப்பட்டுப் புதிதாக ஒன்று வாங்கினார். பிறகு தன் மணிக்கட்டையே பிடித்துப் பார்த்தார்; அங்கும் அதே துடிப்பு. அந்த வருஷம் தண்ணீர் லாரிக்கு அடிதடி. நாடியைப் பற்றிக் கவலைப்பட ஒருவருக்கும் நேரமில்லை.

காரணம் ஒரு பாட்டு. ப்ளூ மெட்டல் என்ற ராக் குழு அதைப் போட்டிருந்தது. ஜல்லி ஏற்றிப்போகும் லாரிகளில் எழுதியிருந்ததைப் பார்த்து வைத்த பெயர். கிதார் வாசித்த இனியவன் உள்ளூர்க்காரன். தொழிற்பேட்டைக்கு நிலம் போன பணத்தில் கிதார் வாங்கியவன். பாடிய ஜாஸ்மின் பென்னலூர்க்காரி; சர்ச்சில் பாடியவள், கார் வயரிங் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்றாள். டிரம்ஸ் அடித்த வேல்ராஜ் கோவில்பட்டிப் பக்கத்துப் பையன், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். ஊரில் ரெகார்ட் டான்ஸ் குழுவுக்கு வாசித்தவன் என்பதால், இனியவனின் முரட்டு ராக்குக்குள் அவன் டிஸ்கோ அடியை நுழைத்தான். இனியவனுக்கு அது மானப் பிரச்சினை. "நம்ம இன்னா ரெகார்ட் டான்ஸா ஆடிக்கினு கீறோம்?" என்று வாரக்கணக்கில் சண்டை போட்டான். வாசித்துப் பார்த்தபோது அவன் கால்தான் முதலில் ஆடியது.

வேல்ராஜ் இன்னொன்றும் கேட்டான். "ரெண்டாவது சரணம் முடிஞ்சதும் எல்லாம் கப்புனு நிக்கணும்ணே. ஆளுவ என்னாச்சுன்னு முழிக்கணும். அப்புறம் நான் ஒத்தையா வாரேன்."

"ஆட்றவன் காலு அந்தரத்துல நிக்குமேடா?"

"நிக்கட்டும்ணே."

'ஸ்டாப்பிங் இல்ல' என்ற அந்த ஒரே பாட்டைக் கேசட்டின் இரண்டு பக்கமும் பதித்தார்கள். கம்பெனி பஸ் டிரைவர்கள் எல்லா ஷிஃப்டுக்கும் போட்டார்கள். ஒரு தடவை கேட்டவரின் இதயம் அந்த அடியைப் பிடித்துக்கொண்டது. லைனில் கைகள் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கின, சூப்பர்வைசர்கள் மகிழ்ந்தார்கள். பாட்டு நிற்கும் இடத்தில் எல்லா இதயங்களும் நின்றன, வேல்ராஜ் அடித்ததும் திரும்பின. விக்கலைப் போல அதற்கும் பழகிவிட்டார்கள். ஆனால் இடைவெளி ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் நீண்டது.

ஐப்பசியில் ஒரு காலை, கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருந்த ஜாஸ்மினின் அப்பா சூசை, உள்ளே வந்த பஸ்ஸுக்கு சல்யூட் வைக்கக் கையைத் தூக்கினார். பாட்டு நின்றது. திரும்ப வந்தபோது எல்லாரும் வந்தார்கள், சூசை வரவில்லை. தூக்கிய கையை யாராலும் இறக்க முடியவில்லை. சவப்பெட்டியின் மூடியைச் சற்று உயர்த்தித்தான் ஆணி அடித்தார்கள்.

அதன்பின் மூவரும் பஸ் பஸ்ஸாக ஏறிக் கேசட்டுகளைப் பிடுங்கி ஏரிக்கரையில் கொளுத்தினார்கள். மறுநாள் கேசட் இல்லாத டெக்குகளிலிருந்து பாட்டு வந்தது. குன்றத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் இடைவெளியே விடாமல் மறுபடி பதிந்தார்கள். போட்டுக் கேட்டபோது இடைவெளி இருந்தது. அதற்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஜாஸ்மின் எழுந்து வெளியே போனாள். வேல்ராஜ் பின்னாலேயே போனான்.

"எங்கப்பா உள்ள நிக்கிறாருடா," என்றாள். "இன்னும் யாரெல்லாம் போவப் போறாங்களோ."

"அந்த எடத்த விட்டது நான்தானக்கா. நானே உள்ள போயி விடாம அடிக்கேன், எல்லாரும் திரும்பி வந்துருவாவ."

"போனா வருவியா?"

அவன் டிரம் குச்சிகளை இடுப்பில் செருகிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு மாலை ஸ்ரீபெரும்புதூருக்கு வெளியே, ஏதோ கம்பெனிக்காகச் சமன்படுத்தியிருந்த பொட்டலில் மேடை போட்டார்கள். விளம்பரமே இல்லாமல் கூட்டம் நிறைந்தது. அவரவர் இதயம் கூட்டிவந்திருந்தது. ஜாஸ்மின் இரண்டாவது சரணத்தை முடித்தாள். கிதார் நின்றது, இதயங்கள் நின்றன, கொசுவை அடிக்க ஓங்கிய கைகள் ஓங்கியபடி நின்றன. வேல்ராஜ் மட்டும் அடித்துக்கொண்டிருந்தான். கைகள் பறந்தன, வியர்வை தெறித்தது, சத்தம் மட்டும் வரவில்லை. பாட்டு திரும்பியபோது டிரம்ஸுக்குப் பின்னால் ஸ்டூல் காலியாக இருந்தது. அடி மட்டும் கடைசி வரை கேட்டது. ஜாஸ்மின் அழுதுகொண்டே பாடி முடித்தாள்.

போலீஸ் வந்தது, காணவில்லை என்று எழுதிக்கொண்டு போனது. கோவில்பட்டியிலிருந்து அவன் அம்மா செல்லக்கனி வந்தாள். ஜாஸ்மின் அவளை ஷிஃப்ட் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தாள். பாட்டு நின்ற இடத்தில் மற்றவர்கள் நெஞ்சைப் பிடித்தபடி சிலையாக இருந்தார்கள். அன்றுதான் முதன்முதலாகக் கேட்பவள் என்பதால் செல்லக்கனியின் இதயம் நிற்கவில்லை. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். வெகு தூரத்திலிருந்து, மண்ணுக்கு அடியிலிருந்து வருவதுபோல, ஒரு அடி.

"எம் மவன்தான்," என்றாள். "சாப்பிடாம அடிக்கான்."

அதன்பின் இடைவெளியில் ஒருவரும் சாகவில்லை. அது நீள்வது மட்டும் நிற்கவில்லை. டிரைவர்கள் அந்த இடம் வருமுன் பஸ்ஸை ஓரங்கட்டினார்கள். ஹாஸ்டலில் புதிதாகச் சேரும் பெண்களிடம் தண்ணீர் வரும் நேரத்தையும் கேட் பூட்டும் நேரத்தையும் சொன்ன கையோடு இதையும் சொன்னார்கள். இனியவன் கிதாரை விற்றுவிட்டு வேன் ஓட்டினான். 2005இல் புதிய கார் கம்பெனிக்கு வந்த மும்பை இன்ஜினியர் ஒருவர், அவன் வேனில் போகும்போது ஒரகடம் ரோட்டில் வரிசையாக நின்ற பஸ்களைப் பார்த்து, என்ன ஆக்சிடென்டா என்று அவனிடம் கேட்டார்.

"இல்ல சார். வேல்ராஜ் வாசிக்கப் போறான். முடிஞ்சதும் போலாம்," என்று சொல்லி இனியவன் ஹேண்ட்பிரேக்கைப் போட்டான். இன்ஜினியர் தாமதமாகிறது என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பஸ்களில் பாட்டு நின்று ரோடு முழுவதும் அமைதியானது. மண்ணுக்கு அடியிலிருந்து ஒரு அடி கேட்டது. அவரும் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.