எண்ணூற்றுப் பன்னிரண்டு

அதைத்தான் சொல்கிறேன், விரல் முளைத்ததில் இங்கே ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. சண்டையெல்லாம் கம்பெனி வாசலில் தொங்கும் பலகையைப் பற்றித்தான். ‘விபத்து இல்லாத நாட்கள்’ என்று எழுதி, கீழே எண் தகடு மாட்டுகிற பலகை. கதவுக் கீல் அடிக்கும் அந்தக் கம்பெனியில், தெருவே அண்ணி என்று கூப்பிடும் அண்ணி மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் வேலை பார்த்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்டில் அந்த பிரஸ் அவளுடைய வலது ஆட்காட்டி விரலை அடியோடு எடுத்துக்கொண்டது. எடுக்காமல் என்ன செய்யும்? கை உள்ளே போகாமல் மறிக்கிற கம்பி வலையை, வேலை மெதுவாகிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன்பே கழற்றி மூலையில் சாத்திவிட்டார்கள். அதில் சாப்பாட்டுப் பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று பலகையில் எண்ணூற்றுப் பதினொன்று. விபத்து என்று ஒப்புக்கொண்டால் பூஜ்யம் போட வேண்டும், பூஜ்யம் போட்டால் பிரஸ்ஸை நிறுத்தி வெளியிலிருந்து ஆய்வாளரைக் கூப்பிட வேண்டும், அவர் வந்தால் வலையை மாட்டச் சொல்வார். மறுநாள் காலை கூசாமல் எண்ணூற்றுப் பன்னிரண்டு போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒட்ட முடியாது என்று கைவிரித்த விரலை, அதே வீட்டில் இருக்கும் நாத்தனார் பொட்டலம் கட்டி எடுத்துவந்து ஃப்ரீசரில் வைத்தாள்.

“இதை எதுக்குடி வெச்சிருக்க? ஐஸ் எடுக்கப் போனா என்னையே காட்டுது,” என்றான் அவள் அண்ணன்.

“சாட்சிக்கு வெச்சிருக்கேன். காட்டட்டும். தப்பு பண்ணவன் வந்தா அவன் பக்கம் திருப்பி வெக்கிறேன்.”

அந்த வாரம்தான், நாத்தனார் தங்கமீன் வளர்க்கும் கொல்லைத் தொட்டியில் பாசி வழிக்கும்போது அந்தப் பிராணி கிடைத்தது. ஒரு சாண் நீளம், ஈர மண் நிறம், வால், கழுத்தின் இரண்டு பக்கமும் இறகு வைத்ததுபோலச் செவுள், முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் ஐந்து. பக்கத்து வீட்டு உயிரியல் வாத்தியார் குனிந்து பார்த்து, “தவளைக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்மா இது. கால் போனா திரும்ப முளைக்கும்,” என்றார். அது வந்தபிறகு தொட்டித் தண்ணீருக்கும் அதே குணம் வந்திருந்தது; அது அவருக்குத் தெரியாது. வால் அறுந்த மீனுக்கு மூன்றே நாளில் வால் வந்தது, அறுந்து விழுந்த வாலுக்கு மீன் வந்தது. ஆறு மீன் பத்தொன்பது ஆகியிருந்தன. அண்ணி எரிகிற புண்ணைத் தினமும் மத்தியானம் தொட்டியில் விட்டு உட்கார, அது வந்து அவள் கைமேல் படுத்துக்கொள்ளும். இருபத்திரண்டாம் நாள் விரல் நகத்தோடு முழுசாக இருந்தது.

கேள்விப்பட்டு சூப்பர்வைசர் வந்தார். எதற்கெடுத்தாலும் அதையே சொல்வதால் அவருக்குப் பரவாயில்லை என்றே பெயர். அண்ணியின் விரல்களை இரண்டு தடவை எண்ணினார்.

“பத்தும் இருக்கேம்மா! அப்ப எதுவும் நடக்கலன்னுதானே அர்த்தம்? பரவாயில்ல, நாளைக்கே ஷிஃப்டுக்கு வந்துடுங்க.”

“நடக்கலையா? இருங்க,” என்று நாத்தனார் ஃப்ரீசரைத் திறந்து, எதுவும் நடக்கவில்லை என்று கையெழுத்து வாங்க அவர் கொண்டுவந்த காகிதத்தின் மேலேயே விரலை வைத்தாள்.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “இது யாரோடதுன்னு நான் எப்படிம்மா சொல்றது?”

அடுத்த வாரம் இரண்டாம் நம்பர் பிரஸ்ஸின் வலையையும் கழற்றினார்கள். விரல் போனால் என்ன, கொல்லையில் தொட்டி இருக்கிறதே என்று ஆபீஸ் அறையில் சிரித்தார்களாம். சிரித்தார்கள்! அதைக் கேட்ட அன்றே நாத்தனார் விரலைத் தொட்டியில் போடப் போனாள்.

“வேணாம்டி, வீட்டுக்கு ஒரு நான் போதும்,” என்றாள் அண்ணி.

“போதாது அண்ணி. நீங்க மறுபடி அதே மெஷின்ல நிக்கிறீங்க. அடுத்தது கையா, தலையா?”

விரலுக்கு உள்ளங்கை வந்தது, முழங்கை வந்தது, தோள் வந்ததும் மீன்களை வாளிக்கு மாற்றினார்கள். நாற்பதாம் நாள் முழுசாக ஒரு பெண் எழுந்து துண்டு கேட்டாள். அதே தாடை மச்சம், உட்கார்ந்து எழுந்தால் சொடுக்குகிற அதே முழங்கால். கல்யாணம், தெரு, புருஷன் எதுவும் அவளுக்கு நினைவில்லை. எண்ணெய் வாடையும் மேலேயிருந்து இறங்கிய இரும்பும் மட்டும் நினைவிருந்தன.

மறுநாள் காலை ஷிஃப்டுக்கு நாத்தனார் அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். அண்ணி ஏற்கனவே உள்ளே இருந்தாள். ஆனாலும் வருகைப்பதிவு மெஷின் இவள் விரலுக்கும் கதவைத் திறந்தது. பரவாயில்லையின் முகம் மலர்ந்துவிட்டது. “ரெண்டாம் நம்பருக்கும் ஆள் கிடைச்சாச்சு!” அவளோ காவலாளியின் ஸ்டூலைப் பலகைக்கு அடியில் இழுத்துப்போட்டு ஏறி, மூன்று தகடுகளையும் கழற்றி பூஜ்யத்தை மாட்டினாள். அவர் பழையபடி மாட்டினார். அடுத்த நாள் அவள் கழற்றினாள். அறுபத்தோரு நாள் இப்படியே. அவள் கோபப்பட்டதே இல்லை, அந்த வேலையை நாத்தனார் கீழே நின்று கத்திப் பார்த்துக்கொண்டாள். முதலில் வேடிக்கை பார்த்தவர்கள் பிறகு ஸ்டூலைப் பிடித்தார்கள். அறுபத்திரண்டாம் நாள், தகட்டை மாற்ற அவர் வந்தபோது ஒருவரும் உள்ளே போகவில்லை, அண்ணி உட்பட. அப்படி வேலை நின்ற நான்காம் நாள் ஆய்வாளர் வந்தார். இரண்டு வலையும் ஏறின.

இப்போது அவளுக்குச் சின்ன அண்ணி என்று பெயர், பின்னறையில் இருக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், தினமும் காலையில் போய் பூஜ்யம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறாள். வலைதான் மாட்டியாயிற்றே, நாளையிலிருந்து ஒன்று போடுகிறோம் என்று கம்பெனி கெஞ்சுகிறது. போகட்டும், ஒழுங்காக எண்ணக் கற்றுக்கொள்ளட்டும் என்கிறாள் அண்ணி. எண்ணூற்றுப் பன்னிரண்டு பொய் என்று முதலில் அதே பலகையில் எழுதட்டும் என்கிறாள் நாத்தனார். சின்ன அண்ணி ஸ்டூலைத் துடைத்து வைத்திருக்கிறாள். தெரு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது, நீங்கள் சொல்லுங்கள், ஒன்று போட விடலாமா?