சூசன்னாவின் கழுகு

மகள் சூசன்னாவின் ஞானஸ்நானச் சீட்டை வாங்கப் போன யோஸ்ட், மேசைமேல் இருந்ததைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்ற மறந்து நின்றான். லங்காஸ்டர் பக்கத்து வீடுகளில் இந்தச் சீட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறான். பிறந்த நாள், பெற்றோர் பெயர், சுற்றிலும் டூலிப் பூக்கள், ஜோடிப் புறாக்கள். அதைத்தான் அவனும் கேட்டிருந்தான். ஆனால், சீட்டு எழுதித் தரும் பள்ளிக்கூட வாத்தியார் மெல்கியோர் தாளின் நெற்றியில் ஒரு கழுகை இறக்கியிருந்தார். சிறகுகள் தாளின் ஓரம்வரை விரிந்திருந்தன. மார்பில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட கேடயம். ஒரு காலில் அம்புகள், மறுகாலில் இலைக்கொத்து. ஒவ்வோர் இறகையும் பூவிதழ் வரைவதுபோல வரைந்திருந்தார். ஆங்கிலேய ராஜாவை விரட்டி எழுந்த புதிய குடியரசின் சின்னமான அந்தப் பறவையை யோஸ்ட் விடுதிப் பலகைகளில் பார்த்திருக்கிறான். இவ்வளவு உயிரோடு பார்த்ததில்லை.

"புறாதானே கேட்டேன், வாத்தியாரே."

"கேட்டே. கை இப்படிப் போயிடுச்சு."

"ஊர்ல சிரிப்பாங்க. கூலி வாங்கிட்டு நம்மளச் சுட வந்தவன் வீட்டுல கழுகப் பாருன்னு."

பதினெட்டு வருஷத்துக்கு முன், ஆங்கிலேய ராஜாவுக்காகச் சண்டைபோட ஹெஸ்ஸன் நாட்டிலிருந்து கப்பலேற்றப்பட்டவன் அவன். படையிலிருந்து ஓடிவந்து, பண்ணையில் வேலை செய்து, இங்கேயே பெண் கட்டினான். சீட்டில் தன் பிறந்த ஊரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தான்.

மெல்கியோர் இடதுகாலை இழுத்தபடி ஜன்னலோரம் போய்த் தூரிகையைக் கழுவினார். அந்தக் காலில், ராஜாவின் படையோடு நடந்த பிராண்டிவைன் சண்டையில் குண்டு பாய்ந்தது ஊருக்கே தெரியும். அன்று யோஸ்ட் எதிர்ப்பக்கம் நின்றது அவன் மனைவிக்குக்கூடத் தெரியாது.

"பிராண்டிவைன்ல நானும் இருந்தேன்" என்றான். சொன்ன பிறகுதான் தொப்பியைக் கழற்றினான்.

தூரிகை தண்ணீருக்குள் அசையாமல் நின்றது.

"யாரச் சுட்டே?"

"ஒரே புகை. யாருன்னு தெரியல."

"எனக்கும் அப்படித்தான்." வாத்தியார் திரும்பவில்லை. "உன் பொண்ணு யாரையும் சுடல. இந்த மண்ணுல பொறந்தவ. வேண்டாம்னா சொல்லு, புறா போட்டுத் தர்றேன். இத என் சுவத்துல ஒட்டிக்கிறேன். மூணு நாள் வேலைய்யா."

யோஸ்ட் குனிந்து பார்த்தான். கழுகின் கண்ணில் கோபமே இல்லை. அப்போதுதான் தூங்கி எழுந்த குழந்தைபோல விழித்துக்கொண்டிருந்தது.

"அப்பன் பொறந்த ஊருன்னு ஒரு இடம் காலியா கிடக்கே."

"நீதானே விடச் சொன்னே."

"எழுதுங்க. ஹெஸ்ஸன்."

மை காயவில்லை, சுருட்டினால் அப்பிக்கொள்ளும். தாளை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தி, காற்று வந்த பக்கம் முதுகைக் காட்டி, உழுத வயல்களுக்கு நடுவே யோஸ்ட் பக்கவாட்டில் நடந்தான். எதிரே வைக்கோல் வண்டியில் வந்த பக்கத்துப் பண்ணைக்காரர் குதிரையை இழுத்து நிறுத்தினார்.

"என்னப்பா கையில?"

யோஸ்ட் வண்டிச் சக்கரத்தருகே போய், மை வழியாதபடி, தாளை மெல்ல அவர் பக்கம் சாய்த்தான்.