பெட்டியில் வைக்கக் கூடாதது

துபாய்க்குப் போகிறவன் எவனும் வேங்கிக்காலில் ராமதாஸ் வீட்டு வாசலை மிதிக்காமல் போனதில்லை. உண்மையில் ராமதாஸ் இருந்துவிட்டு வந்தது துபாயே இல்லை, பக்கத்திலுள்ள வேறொரு அரபு நாடு. ஆனால் கடலைத் தாண்டி மணலில் வேலை பார்க்கிற இடமெல்லாம் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு துபாய்தான். அவனும் அதைத் திருத்தியதில்லை.

வாசலை ஒட்டிய கடையில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டே யோசனை சொல்லுவான். விமானத்தில் மிட்டாய் நீட்டினால் வெட்கப்படாமல் எடுத்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், காது அடைக்காது. பாஸ்போர்ட் நம்பரைச் சட்டையின் உள்பக்கம் மையால் எழுதி வைக்க வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் அரபிக்காரனைப் பார்த்து 'வீட்ல எல்லாம் சௌக்கியமா' என்று கேட்டுத் தொலைக்கக் கூடாது. அவன் வீட்டுப் பெண்களைப் பற்றி விசாரித்தால் பொல்லாத கோபம் வரும். நோன்பு மாசத்தில் பகலில் தெருவில் தண்ணீர் குடிக்கக் கூடாது. யாராவது பார்சல் கொடுத்து அங்கே ஒருத்தனிடம் சேர்த்துவிடு என்றால் தொடவே கூடாது. கேட்கிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

உள்ளே அடுப்படியிலிருந்து அவன் மனைவி மணியம்மாளும் கேட்பாள். ஒவ்வொரு தடவையும் அவன் அந்த ஒன்றைச் சொல்லுவானா என்று காத்திருப்பாள். ஒரு தடவையும் சொன்னதில்லை.

கசகசாவை அங்கே கொண்டு போகக் கூடாது. நமக்கு அது குருமாவில் அரைத்துவிடுகிற சாமான். அவர்களுக்கு அது அபின் செடியின் விதை. அது தெரியாமல் மணியம்மாள், புருஷன் நாக்கு செத்துப்போகாமல் இருக்கட்டும் என்று பொட்டலம் கட்டி அவன் பெட்டியில் வைத்தாள். அங்கே போய் இறங்கிய விமான நிலையத்திலேயே பிடித்துவிட்டார்கள். ராமதாஸ் 'துபாயில்' இருந்த காலம் முழுக்கச் சிறையிலேயே கழிந்தது. வெளியே விட்டதும் நேராக ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். காண்டிராக்ட் முடிந்துவிட்டது என்று அவன் ஊரில் சொன்னான். மனைவியிடம் மட்டும் நடந்ததைச் சொல்லி, வாசலில் நின்று அண்ணாமலையைப் பார்த்தபடி கற்பூரம் ஏற்றி, கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னான். எவரிடமும் மூச்சு விடுவதில்லை என்று அவளும் செய்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் கசகசா வந்ததில்லை. சிறையைப் பற்றி அவன் அதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

எண்பத்து நாலில், பக்கத்து வீட்டு சகாதேவனுக்கு விசா வந்தது. அடி அண்ணாமலையில் இருந்த கொஞ்சநஞ்ச நிலத்தையும் அடகு வைத்துவிட்டுப் போகிறான். அவன் மனைவி கஸ்தூரிக்குக் கால் தரையில் பாவவில்லை. ராமதாஸ் அவனை உட்கார வைத்து வழக்கமான எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில், சாப்பாட்டுச் சாமான் எதுவும் வேண்டாம், அங்கே எல்லாம் கிடைக்கும் என்று பொதுவாகச் சொல்லி முடித்தான். மணியம்மாளுக்கு அது போதவில்லை. வேண்டாம் என்று சொன்னால் நம் பெண்கள் கேட்டுவிடுவார்களா? அன்றைக்கு அவளே கேட்டாளா?

பயணத்துக்கு முந்தின நாள் பக்கத்து வீட்டிலிருந்து பட்டை, கிராம்பு, சோம்பு வறுக்கிற வாசனை வந்தது. மணியம்மாள் ஓடினாள். வாணலியில் கசகசா வெடித்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் அனுப்பாதே, பிடித்துவிடுவார்கள் என்றாள். எதற்குப் பிடிப்பார்கள் என்று கஸ்தூரி கேட்டாள். மணியம்மாளுக்குச் சத்தியம் குறுக்கே நின்றது. என்னவோ பிடிப்பார்களாம், கேள்விப்பட்டேன் என்று மென்று விழுங்கினாள். கஸ்தூரி சிரித்து, சரி அக்கா, வைக்கவில்லை என்றாள். அந்தச் சிரிப்பில் வேறு ஒன்று இருந்தது: உன் புருஷன் திரும்பி வந்துவிட்டான், என் புருஷன் போகிறான், உனக்கு எரிச்சல். மணியம்மாளுக்கு அது புரியாமல் இல்லை.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். சகாதேவன் மெட்ராஸ் போய், அங்கிருந்து பம்பாய்க்கு ரயில் ஏறி, பிறகு விமானம். சொந்தக்காரர்கள் விபூதி பூசினார்கள். ராமதாஸ் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி பக்கத்திலேயே நின்று, மறந்துபோன யோசனைகளையும் சொல்லிக்கொண்டிருந்தான். கஸ்தூரி மணியம்மாளை ஓரமாக இழுத்தாள்.

"கோச்சிக்காதக்கா. மனசு கேக்கல. போர்வைக்குள்ள வெச்சுத் தெச்சுட்டேன். அவருக்கே தெரியாது. அங்க போய் பிரிச்சுப் பார்த்தா எவ்ளோ சந்தோஷப்படுவாரு?"

மணியம்மாள் கையை விடுவித்துக்கொண்டாள். நேராகப் புருஷனிடம் போய்க் காதில் சொன்னாள். அவன் முகம் மாறியது. ஒரு நிமிஷம் மலைப் பக்கம் பார்த்தான்.

"பஸ் கிளம்பற நேரத்துல இன்னாத்துக்கு இதெல்லாம்? எல்லாரையுமா செக் பண்றான்? நூத்துல ஒருத்தனைப் பண்ணுவான்," என்றான்.

"அந்த ஒருத்தன் நீங்கதான."

டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார். சகாதேவன் படியில் கால் வைத்துவிட்டான். மலை அங்கேதான் நின்றது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு. சத்தியத்தை மீறினால் என்ன ஆகும் என்று மணியம்மாளுக்குத் தெரியாது; மீறாவிட்டால் என்ன ஆகும் என்று நன்றாகவே தெரியும். அவள் போய் சகாதேவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கூட்டமே திரும்பிப் பார்த்தது.

"போர்வைக்குள்ள கசகசா இருக்குது. எடுத்துப் போட்டுட்டுப் போ. இவரு அங்க வேலைல இல்ல, ஜெயில்ல இருந்தாரு. நான் பெட்டில வெச்ச கசகசாவாலதான்."

சகாதேவன் ராமதாஸைப் பார்த்தான். இல்லை என்று ராமதாஸ் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோரும் அவனைத்தான் நம்பியிருப்பார்கள். அவன் சொல்லவில்லை. முன்னால் வந்து போர்வையை வாங்கினான், தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தான், பொட்டலத்தை எடுத்துச் சாக்கடையில் வீசினான். அதோடு விட்டானா என்றால் இல்லை. பெட்டியைத் தரையில் கவிழ்த்து, ஒவ்வொரு சட்டையாக உதறி, பாக்கெட்டின் ஓரத்தையெல்லாம் விரலால் தடவினான். கண்டக்டர் திட்டினார்.

"ஒரு விதை இருந்தா போதும், புடிச்சுருவான். ஒண்ணே ஒண்ணு," என்று ராமதாஸ் யாரிடமும் இல்லாமல் சொன்னான். கடைசியில் போர்வையை மட்டும் திருப்பித் தரவில்லை, தன்னிடமே வைத்துக்கொண்டான். சகாதேவன் பஸ் ஏறினான். கஸ்தூரி பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதாள்.

ராமதாஸ் போர்வையோடு சைக்கிளில் போய்விட்டான். மணியம்மாள் தனியாக டவுன் பஸ்ஸில் வந்தாள். அவன் அன்றும் பேசவில்லை, அடுத்த நாளும் பேசவில்லை. அவன் பேசாவிட்டால் என்ன, ஊர் பேசியது. குழாயடியில் அவள் குடத்தை வைத்ததும் பேச்சு நின்றது. நகர்ந்ததும் மறுபடி தொடங்கியது. பாவம் ராமதாஸ், கட்டினவளே அவனை உள்ளே தள்ளியிருக்கிறாள், வாயைத் திறக்காமல் அவளைக் காப்பாற்றியிருக்கிறான், அவன் தெய்வம் என்றார்கள். அவனுக்கு மரியாதை ஒரு பிடி ஜாஸ்தியாகத்தான் ஆகியிருந்தது. அவள் குடத்தைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் அழுவதைப் பார்த்துக் கடையிலிருந்து எழுந்து வந்தான் ராமதாஸ்.

"இதுக்குத்தான் சத்தியம் பண்ணச் சொன்னேன். ஊர் உன்னைத்தான் சொல்லும்னு தெரியும்."

மணியம்மாள் கண்ணைத் துடைத்தாள். அதில் பாதி உண்மை இருக்கலாம். அவள் அவனோடு குடித்தனம் நடத்துகிறவள். மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று தேடத் தெரியும்.

"எனக்காகன்னா பஸ் ஸ்டாண்டுல ஏன் வாயைத் தொறக்கல? அந்தப் புள்ள போய் மாட்டியிருந்தா?"

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பயம்தான் மணி. நாலு பேர் வந்து என்னைக் கேட்டுட்டுப் போறாங்க. அது போயிடுமேன்னு பயம்."

அவள் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள். இத்தனை வருஷம் கேட்காமல் தொண்டையிலேயே வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டாள்.

"உள்ள இருந்தப்போ என்னைத் திட்டினீங்களா?"

"தினமும் திட்டினேன்," என்றான் ராமதாஸ்.

அவன் ஊர் திரும்பிய நாளிலிருந்து அந்த நாட்டைப் பற்றிச் சொன்னதில், அவள் முழுசாக நம்பிய முதல் வார்த்தை அதுதான்.