வோர்குவுக்கு ஜாமீன்

எங்கள் ஊரில் வங்கிக்குக் கடன் கேட்டுப் போனால் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். இகுப் சீட்டில் ஆளைக் கேட்பார்கள். சீட்டு எடுத்தவன் மீதித் தவணையைக் கட்டாவிட்டால் ஜாமீன் நின்றவர் கட்ட வேண்டும். தையல்காரன் வோர்குவுக்கு நான் நின்றேன். அவன் முதல் குலுக்கலிலேயே பணத்தை எடுத்துத் தையல் இயந்திரம் வாங்கினான். மழைக்காலம் வருவதற்குள் செத்தும் போனான்.

இரண்டு பேர் தவணையையும் நானே கட்டினால் மெர்காத்தோ சந்தையில் என் வெண்ணெய்க் கடை போய்விடும். சவப்பெட்டியைச் செம்மண் குழியில் இறக்கும்போது எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

"டேய் வோர்கு, கட்ட வேண்டியதைக் கட்டிட்டுப் போடா!"

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து சீட்டுக் கூடினோம். என் பங்கை மட்டும் கூடையில் போட்டேன். சீட்டுத் தலைவர் எண்ணிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கணக்கு சரியா இருக்கே ஷிதாயே. வோர்கு பங்கையும் போட்டுட்டியா?"

"நான் எங்கய்யா போட்டேன்? என்னை வித்தாலும் அவ்வளவு தேறாது."

அடியில் கிடந்த நோட்டுகள் ஈரமாக இருந்தன. செம்மண் ஒட்டியிருந்தது. தலைவர் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கும் பயம்தான். ஆனால் கடை பிழைத்ததே என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது. ஞாயிறுதோறும் அப்படியே நடந்தது.

கடைசித் தவணையும் விழுந்த அன்று மாலை, கடன் தீர்ந்த செய்தியை அவன் மனைவி வுபித்திடம் சொல்லப் போனேன். வாசலிலேயே என் வாயைப் பொத்தினாள்.

"மெதுவா பேசுக்கா. உள்ள இருக்காரு."

கதவிடுக்கில் பார்த்தேன். இயந்திரத்தின் முன்னால் ஒரு முதுகு. சட்டையெல்லாம் சேறு. கால் மிதித்துக்கொண்டிருந்தது.

"கடன் தீந்துச்சுன்னு சொல்லிடாதக்கா. தீந்தா போயிடுவாரு. அடுத்த சீட்டுலயும் அவரைச் சேத்துவிடு. நீயே ஜாமீன் நில்லு."

"பைத்தியமாடி உனக்கு? செத்தவனுக்கு எவ ஜாமீன் நிப்பா?"

"நான் பேசினா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறாரு. பரவால்லக்கா. வர்றாருல்ல, அது போதும்."

இயந்திரம் நின்றுவிட்டது. என் பதிலுக்காகத்தான் நின்றது. வுபித் என் கையை விடுவதாக இல்லை. அவள் முகத்தைப் பார்த்தபின் என்னால் மறுக்க முடியவில்லை.

"நிக்கிறேன்டா வோர்கு," என்றேன்.

இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. வுபித் சிரித்துக்கொண்டே காப்பி போட உள்ளே போனாள். இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அவன் அழுவது எனக்கு மட்டும் கேட்டது.