இரண்டு கட்டில்களுக்கு நடுவே

"சிஸ்டர், அந்த மாமாவத் தொட்ட கையாலயேவா என்னையும் தொடுவீங்க?" என்று, பக்கத்துக் கட்டில்காரரின் புண்ணைத் துடைத்துவிட்டு நேராகத் தன்னிடம் வந்த நர்ஸிடம் ஐந்தாம் கட்டில் சிறுமி ஒருநாள் கேட்டாள். குடல்வால் ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வாய் மட்டும் ஊரைக் கூட்டும்.

"வந்துட்டாங்க பெரிய டாக்டரம்மா!" என்று சிரித்தபடியே நர்ஸ், காயத்தின் மேல் நழுவியிருந்த பிளாஸ்திரியை விரலால் அழுத்தி ஒட்டினாள். சானிடைசர் தடவித் தடவி அவள் விரல்களெல்லாம் வெடித்திருந்தன. ஒரு சொட்டு பட்டாலும் உயிர் போனது. இந்த ஒரு தடவைதானே என்று அதைத் தடவாமல் விட்டுவிட்டாள்.

அதிலிருந்து மூன்றாம் நாள் காயம் சீழ் வைத்தது. பக்கத்துக் கட்டில்காரருக்கு இருந்த அதே கிருமி. குழந்தையைத் தனி அறைக்கு மாற்றினார்கள். நர்ஸ் தலைமை நர்ஸிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

"யார் கையால வந்துச்சுன்னு கடவுளுக்குத்தாம்மா தெரியும். எழுதிக் குடு, வேற என்ன செய்ய?" என்றார் அவர்.

குழந்தையின் தாயிடம் சொல்லத்தான் நா எழவில்லை. "உங்க கை ராசியான கை சிஸ்டர், நீங்கதான் பாத்துக்கணும்" என்று அவள் அந்த வெடித்த கைகளையே பிடித்துக்கொண்டாள்.

மருந்து ஏறியது, காய்ச்சல் இறங்கவில்லை.

மதியம் தாய் சாப்பிடப் போனாள். தாழ்வாரத்தில் ஆளரவம் இல்லை. நர்ஸ் அறை வாசலில் நின்று, உள்ளங்கை நிறைய சானிடைசரை ஊற்றி, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று காயும்வரை தேய்த்தாள். தீயாய் எரிந்தது. பிள்ளை மறுபடியும் வாயாடட்டும் என்று வேண்டிக்கொண்டே, அன்று இரண்டு கட்டில்களுக்கு நடுவே கொடுக்காமல் விட்ட அரை நிமிடத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.