டின் வளையத்தின் குரல்

ஃபேன்காரருக்கும் அவர் சகலைக்கும் ஏழாம் பொருத்தம். அக்காவை இவர் கட்டினார், தங்கையை அவர் கட்டினார், அன்றிலிருந்தே போட்டிதான். இவர் ஃபேன் ரிப்பேர் கடை வைத்தால், எதிர்ச்சாரியிலேயே அவர் ஏசி ரிப்பேர் கடை வைத்தார். நகை வேலை செய்யும் மாமனார் மட்டும் பாரபட்சம் பார்க்காதவர். இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி மோதிரம் தன் கையாலேயே செய்து போட்டிருந்தார்.

அந்த மோதிரத்தைத்தான் சகலை நேற்று கடலில் குளிக்கப்போய்த் தொலைத்துவிட்டு வந்து நின்றார். மாமனாரோ இன்று சாயங்காலம் வருகிறார். வந்ததும் முதலில் மாப்பிள்ளைகளின் விரலைத்தான் பார்ப்பார், முகமெல்லாம் அப்புறம்.

ஃபேன்காரரிடம் ஒரு மெட்டல் டிடெக்டர் இருந்தது. மண்ணைத் துழாவுகிற கரண்டி என்று அவர் மனைவி அதைக் கேலி செய்வாள். இன்று அந்தக் கரண்டிக்கு வந்தது மவுசு.

"அண்ணே, நீங்கதான் என் மானத்தைக் காப்பாத்தணும்" என்றார் சகலை. ஃபேன்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கடற்கரைக்குப் போனதும், ஈர மணலில் மெஷின் உப்புக்கே கத்தும் என்று விளக்கியபடி அதன் உணர்திறனைக் குறைத்தார். கூல்டிரிங்ஸ் டின்னின் திறப்பு வளையங்களைத் தோண்டித் தோண்டி இடுப்பு ஒடிந்தவர் என்பதால், அவற்றுக்கு மெஷின் எழுப்பும் சத்தத்தை மட்டும் எப்போதோ அடைத்துவைத்திருந்தார். காலை முழுக்க நடந்தார்கள். மெஷின் மௌன விரதம் இருந்தது.

அதற்கு உயிர் இருக்கிறதா என்று சகலை கேட்டார். ஃபேன்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தன் மோதிரத்தைக் கழற்றி, ஒரு விரல் ஆழம் புதைத்து, மேலே மெஷினை வீசிக் காட்டினார். ஊஹும், தங்கத்துக்கும் அது வாய் திறக்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மெஷினின் காதுக்கு மெல்லிய மோதிரமும் டின் வளையமும் ஒன்றுதான். குப்பையின் வாயை அடைக்கப்போய்த் தங்கத்தின் வாயையும் சேர்த்து அடைத்திருக்கிறார். அதைச் சகலையிடம் சொல்லிக்கொண்டே அடைப்பை நீக்கி நிமிர்ந்தால், அதற்குள் ஒரு அலை வந்து மணலைப் புரட்டி, புதைத்த அடையாளத்தைத் துடைத்துவிட்டுப் போயிருந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். இப்போது தேட வேண்டியது இரண்டு மோதிரங்கள்.

மெஷின் கத்திய இடத்திலெல்லாம் ஒருவர் தோண்ட, மற்றவர் சலித்தார். டின் வளையம், டின் வளையம், மறுபடியும் டின் வளையம். வெயில் சாயும் நேரத்தில் ஒரு மோதிரம் அகப்பட்டது. ஃபேன்காரர் போட்டுப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது, அவருடையதேதான்.

சகலையின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் ஒருநாளாவது வாட வேண்டும் என்று எத்தனையோ வருடம் ஆசைப்பட்டவர்தான். வாடியதைக் கண்ணால் கண்டபோது மனசு பொறுக்கவில்லை. மோதிரத்தைக் கழற்றிச் சகலையின் ஒல்லி விரலில் மாட்டி, நழுவாதிருக்க அடியில் நூல் சுற்றிவிட்டார். தொலைத்த பழியைத் தானே ஏற்றுக்கொள்வதாகவும் சொன்னார்.

மாமனார் வந்தார். சகலையின் விரலைப் பார்த்துத் தலையாட்டினார். ஃபேன்காரரின் வெறும் விரலில் அவர் கண் நின்றது. ஃபேன்காரர் வாய் திறப்பதற்குள், சகலை மோதிரத்தை உருவி மாமனார் முன்னால் நீட்டிவிட்டார்.

"தொலைச்சது நான்தான் மாமா. இது அண்ணனோடது."

மாமனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மோதிரத்தை வாங்கி, நூலைப் பிரித்து, ஃபேன்காரரின் விரலில் தானே மாட்டிவிட்டார்.

"நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்றார். "பட்டறைக் குப்பையைச் சலிச்சு தங்கம் எடுக்கறவன்தானே நான்."

மெஷினை யார் பிடிப்பது என்று மட்டும் சகலைகள் இருவரும் சாப்பாடு முடியும் வரை சண்டை போட்டார்கள்.